ஒரே வணிகக் கல்லூரியை இரண்டு தடவை மதிப்பிட்ட கதை

புதிதாக நியமனம் பெற்றிருக்கும் தொழில் வழிகாட்டல் உத்தியோகத்தர்களே, முதலில் வாழ்த்துகள். மூன்று நாள் பயிற்சி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டை, முதுகு சாய்க்க முடியாத ஒரு கதிரை எல்லாம் கிடைத்திருக்கும். இனி மாத்தளை மாவட்டத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிப் பாடசாலை முடித்த பிள்ளைகள் உங்களிடம் வந்து, என்ன படிப்பது, எங்கே படிப்பது என்று கேட்பார்கள். நீங்களும் வழிகாட்டுவீர்கள். உங்களுக்கு வழிகாட்ட ஆள் கிடைக்காததால், ஓய்வுபெற்று வீட்டில் கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பயிற்சியில் உங்களுக்கு ஒரு படிவம் தந்திருப்பார்கள். தனியார் கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் படிவம். இருபத்திரண்டு கேள்விகள். என் காலத்திலும் இதே படிவம்தான். பதினோராவது கேள்வியில் இருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ ஒன்றையாவது பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறோமே.

அந்தப் படிவத்தை ஒரு கேள்விகூட விடாமல் நிரப்பி நான் செய்த பிழையைத்தான் சொல்லப்போகிறேன். நிரப்பாமல் விட்டவர்கள் செய்த பிழைகளை அவரவர் வந்து சொல்லட்டும்.

மாத்தளை நகரத்தில், ஒரு துணிக்கடைக்கும் பல் வைத்தியருக்கும் மேலே, மூன்றாம் மாடியில் ஒரு வணிகக் கல்லூரி திறந்தார்கள். பெயர் வேண்டாம். பெயரில் 'சர்வதேச' என்ற சொல் இருந்தது என்பது மட்டும் போதும். பாடசாலைகளில் விளம்பரம் செய்ய எங்கள் அலுவலகத்தின் கடிதம் தேவை என்று விண்ணப்பித்தார்கள். பார்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். நானும் முறைப்படி ஒரு வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் நேரம் கேட்டு, அவர்கள் எனக்காகத் தயாராவதற்குப் போதிய அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு. அதைத் திறந்துவிடவே ஓர் ஆள். உள்ளே குளிர். கழுத்துப்பட்டி கட்டிய பணிப்பாளர் படிக்கட்டு வரை வந்து வரவேற்றார். முப்பது கணினிகள் வரிசையாக இருந்தன. முப்பதின் திரையிலும் ஒரே நீர்வீழ்ச்சிப் படம்; ஒட்டிய தாளாகவும் இருந்திருக்கலாம். மின்சாரக் கம்பி எதற்கும் போயிருந்ததா என்று குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருந்தது, சரி போட்டேன். தீயணைக்கும் கருவி இருந்தது, சரி போட்டேன். காற்றோட்டம், வெளிச்சம், அறிவித்தல் பலகை, எல்லாவற்றுக்கும் சரி. இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. என் பாடசாலைக் காலத்தில் நானே எடுக்காத புள்ளி.

பிறகு கேக்கும் பால் தேத்தண்ணியும் வந்தன. அதற்குப் படிவத்தில் இடம் இல்லாதது ஒரு குறை.

அலுவலகத்துக்கு வந்து கடிதம் எழுதினேன். "கட்டட வசதிகளும் சுகாதார வசதிகளும் மிகவும் திருப்திகரமானவை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். யார் படிப்பிக்கிறார்கள், என்ன படிப்பிக்கிறார்கள், படித்து வெளியே போன பிள்ளை என்ன ஆகும் என்பதையெல்லாம் நான் கேட்கவில்லை. படிவமும் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் ஒற்றுமையாக இருந்தோம்.

ஒன்றரை வருடம் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் பாரூக் நானா அலுவலகத்துக்கு வந்தார். பலாபத்வலவில் பெருந்தெருவோரம் மிளகு, கராம்பு வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவர். கையில் ஒரு விளம்பரப் புத்தகம்.

"மிஸ், ஒங்களுக்கு ஒரு நன்றி செல்லிட்டுப் போக வந்த," என்றார்.

நன்றி என்று சொல்லிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு யாரும் வருவதில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எதுக்கு நானா?"

"எண்ட மகள் ரிஸ்னா கணக்காளரா வரணும் எண்டு நிக்கிறா. உயர்தரத்துல கணக்கீட்டுக்கு ஏ எடுத்தீக்கிறா. எந்தக் காலேஜ் நல்லம் எண்டு எனக்கு வெளங்கல்ல. இந்தப் புத்தகத்தப் பாத்தா நீங்களே செல்லீக்கிறீங்க. பொறகு என்ன? வெள்ளிக்கெழமைக்குள்ள பதிஞ்சா கட்டணத்துல கழிவும் ஈக்கி."

புத்தகத்தைத் திறந்து காட்டினார். பளபளப்பான தாளில், என் பதவி, என் கையொப்பம், அதற்கு மேலே பெரிய எழுத்தில் இரண்டே சொற்கள்: "மிகவும் திருப்திகரமானவை." கட்டடத்தையும் கழிப்பறையையும் காணவில்லை. எதிர்ப்பக்கத்தில் கற்கைநெறிகளின் பட்டியல். 'கணக்கீட்டுப் பட்டம், பதினெட்டு மாதம். தொழில்சார் கணக்காளர் பரீட்சைகளின் எல்லாப் பாடங்களுக்கும் விதிவிலக்கு.'

கணக்கீடு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் ஒரு பிள்ளை கணக்காளராக வேண்டுமானால் பட்டம் மட்டும் போதாது. தொழில்சார் பரீட்சைகளும் எழுத வேண்டும். ஓர் இடத்தில் பயிற்சியும் பெற வேண்டும். நல்ல பட்டங்களுக்கு அந்தப் பரீட்சைகளில் சில பாடங்களை எழுதத் தேவையில்லை என்று விட்டுக்கொடுப்பார்கள். சில பாடங்கள்தான். எல்லாப் பாடங்களையும் பதினெட்டு மாதத்துக்கு யாராவது விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால், அது மிளகு வாங்கினால் கடையையும் சேர்த்துத் தருவது போல. பாரூக் நானா மிளகில் ஏமாற மாட்டார். மகளின் படிப்பில் என் கையொப்பத்தைப் பார்த்து ஏமாறத் தயாராக வந்திருந்தார்.

"நானா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. நான் இன்னொருக்காப் பாத்திட்டுச் சொல்றேன்."

"ஏன் மிஸ், நீங்க ஏற்கனவே பாத்தது தானே?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இருமினேன். உத்தியோகத்தில் இருமல் ஒரு நல்ல துணை. ரிஸ்னாவுக்கு வேறு இடம் எதுவும் கிடைத்ததா என்று கேட்டேன். கண்டியில் அரச உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் கணக்கீட்டு டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அடுத்த திங்கட்கிழமைக்குள் பதிய வேண்டும், ஆனால் கண்டி தூரம் என்றார். 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள், "கண்டி ஒரு தூரமா நானா?" என்று சிரித்துவிட்டேன். அவர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு போனார்.

இதை ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள். என் முதல் பிழை அந்தக் கடிதம். இரண்டாவது பிழை இந்தச் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை, தொழில்சார் பரீட்சை நடத்தும் கொழும்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் பேசினார். கல்லூரியின் பெயரை மூன்று தடவை எழுத்துக் கூட்டச் சொன்னார். பிறகு, "மேடம், அப்படி ஒன்று எங்கள் பட்டியலில் இல்லை," என்றார். ஐந்து நிமிட வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு அந்த ஐந்து நிமிடத்தை நான் கேக் சாப்பிடச் செலவழித்திருந்தேன்.

புதன்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கல்லூரிக்குப் போனேன். துணைக்கு ரிஸ்னாவும் வந்தாள். அவளே கேட்டுத்தான் வந்தாள். "படிக்கப் போறது நான் தானே மிஸ், நானும் பாக்கணும்," என்றாள். மெலிந்த பிள்ளை, பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவாள். அப்படிப் பேசும் பிள்ளைகளிடம் உத்தியோகத்தர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஆள் இல்லை. குளிரும் இல்லை; விசேஷ நாட்களுக்கு மட்டும் போலிருக்கிறது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"பணிப்பாளர் வெளிய போயிருக்கார் மிஸ். நீங்க வர்றதா சொல்லவே இல்லையே."

"பரவாயில்லம்மா. நான் பணிப்பாளரப் பாக்க வரல்ல. கணக்கீட்டு வகுப்பு நடக்குதா?"

நடந்தது. ஏழு பிள்ளைகள். கடைசி வாங்கில் நானும் ரிஸ்னாவும் உட்கார்ந்தோம். விரிவுரையாளர் முப்பது வயதைத் தொட்ட, தலைமுடி கலைந்த ஓர் இளைஞர். எங்களைப் பார்த்ததும் அவருடைய வெண்கட்டி உடைந்தது. பலகையில் ஒரு வியாபாரத்தின் பரீட்சை மீதியைப் போட்டுக்கொண்டிருந்தார். உங்களில் கலைப்பிரிவில் படித்தவர்களுக்கு: பரீட்சை மீதி என்றால் கணக்குகளின் மீதிகளை வரவுப் பக்கம், செலவுப் பக்கம் என்று இரண்டாக எழுதிக் கூட்டுவது. இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். வந்தால் நிம்மதி. வராவிட்டால் எங்கோ பிழை.

அவருக்கு வரவில்லை. மறுபடி கூட்டினார். வரவில்லை. நெற்றியைத் துடைத்தார். பிறகு கீழே ஒரு வரி சேர்த்து, 'தொங்கல் கணக்கு' என்று எழுதி, வித்தியாசத்தை அதில் போட்டு இரண்டு பக்கத்தையும் சமப்படுத்தினார்.

"வித்தியாசம் வந்தா பயப்படத் தேவையில்ல. தொங்கல் கணக்குல போட்டாச் சரி," என்றார், தமிழிலும் பிறகு சிங்களத்திலும். ஏழு பிள்ளைகளும் பயப்படாமல் எழுதிக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

"சேர், எடுப்பனவு வரவுப் பக்கம் வரணும். நீங்க செலவுப் பக்கம் போட்டீக்கிறீங்க. அதான் வித்தியாசம் எடுப்பனவுட ரெண்டு மடங்கா வந்தீக்கி. தொங்கல் கணக்கு தேவல்ல சேர்."

ஏழு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். விரிவுரையாளர் பலகையைப் பார்த்தார். முதலாளி சொந்தத் தேவைக்கு எடுத்த அந்தத் தொகையை மெதுவாக அழித்து மற்றப் பக்கம் எழுதினார். கூட்டினார். இரண்டும் ஒன்றாக வந்தன. ஒரு பிள்ளை கைதட்டியது. யாருக்கு என்று தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவர் படிக்கட்டில் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார்.

"மிஸ், நீங்க தானே அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போட்டவங்க?"

"ஆமா தம்பி."

"நான் விலங்கியல் பட்டதாரி மிஸ்."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நாவுலயிலருந்து வர்றேன். அரசாங்க நியமனம் வரும்வரைக்கும்னு இங்க சேர்ந்தேன், ஆங்கிலம் படிப்பிக்க. கணக்கீடு படிப்பிச்சவர் நாலு மாசத்துக்கு முந்தி விட்டுட்டுப் போயிட்டார். பணிப்பாளர் எங்கிட்ட புத்தகத்தக் குடுத்து, வாசிச்சிட்டுப் படிப்பிங்கன்னார். பஸ்ஸில வரும்போது வாசிச்சிட்டு வர்றேன். இன்னைக்கு பஸ்ஸில நிக்கத்தான் இடம் கிடைச்சிது." ரிஸ்னாவைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க இங்க வராதீங்க. ஒங்களுக்குச் சொல்லிக் குடுக்க என்னால ஏலாது."

அந்தக் கல்லூரியைப் பற்றி நான் கேட்ட மதிப்பீடுகளில் நேர்மையானது அதுதான். என்னுடையதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நூலகம் பூட்டியிருந்தது. சாவி நூலகரிடம், நூலகர் விடுமுறையில், எப்போது வருவார் என்பது அவருக்குத்தான் தெரியும் என்றார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அலுமாரிகளில் அடுக்கி வைத்திருந்தவை விளம்பரப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் நான் திருப்தியாக இருந்தேன்.

நாங்கள் இறங்கும்போது பணிப்பாளர் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"மேடம்! சொல்லியிருந்தா வாகனம் அனுப்பியிருப்பனே!"

"இந்த விதிவிலக்கு எந்தப் பாடங்களுக்குக் கிடைச்சிருக்கு சேர்? கொழும்புல கேட்டேன், தெரியாதுன்னாங்க."

"அது பரிசீலனையில இருக்கு மேடம்."

"எவ்வளவு காலமா?"

"ஆரம்பத்திலருந்தே!" என்றார் பெருமையாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஞாயிற்றுக்கிழமை எங்க சான்றிதழ் விழா. உங்க பெரிய சேர்தான் பிரதம விருந்தினர். பழைய கடிதத்தப் புதுப்பிச்சு ஒண்ணு வேணும்னு அவர்கிட்டச் சொல்லியிருக்கேன். இந்தத் தடவ 'கற்பித்தல்'ங்கிற சொல்லையும் சேத்துக்கிட்டா நல்லா இருக்கும்."

அன்று பிற்பகல் பெரிய சேர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சிங்களத்தில் பேசியதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். குரலில் இருந்த அன்பைத்தான் மொழிபெயர்க்க முடியவில்லை.

"ஒரு கடிதம்தானே மிஸ். பழையதையே திகதி மாற்றி அடித்துத் தாருங்கள்."

கொழும்பில் சொன்னதைச் சொன்னேன். விலங்கியல் பட்டதாரியைப் பற்றியும் சொன்னேன், பெயர் சொல்லாமல். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படியானால் முதல் கடிதத்தை எப்படி எழுதினீர்கள்?"

"பிழையாக எழுதினேன் சேர்."

"அதை எழுத்தில் வைக்கப்போகிறீர்களா? ஒரு உத்தியோகத்தர் தானே எழுதியது பிழை என்று?" அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். அரச சேவையில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. "யோசியுங்கள். இடமாற்றப் பட்டியல் இந்த மாதக் கடைசியில் போகிறது. உங்கள் மகனுக்கும் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை, இல்லையா?"

பிள்ளையின் பரீட்சையை நினைவில் வைத்திருக்கும் மேலதிகாரி கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம்.

என்னைத் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். நான் மேசைக்குப் போய் பழைய கடிதத்தைக் கணினியில் திறந்தேன். திகதியை மாற்றினேன். ஆம், மாற்றினேன். அச்சிட்டும் விட்டேன். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாத பழைய கடிதம்தானே, கட்டடம் அதே கட்டடம்தானே, கழிப்பறை இரண்டும் அப்படியேதானே இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் பயங்கரம். ஒரு சொல்கூடப் பொய் இல்லாத ஒரு கடிதத்தால் ஏழு பிள்ளைகளுக்குத் தொங்கல் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தாளைக் கிழித்தேன். வேறொன்று எழுதினேன். 'எனது முந்திய கடிதம் கட்டடத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டது. கற்பித்தல் பற்றி நான் விசாரிக்கவில்லை. விளம்பரத்தில் சொல்லப்படும் விதிவிலக்குகள் தற்போது இல்லை என்று அறிந்தேன். ஆகவே எனது கடிதத்தை மீளப்பெறுகிறேன்.' நான்கே வரி. கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் ஒன்று, பெரிய சேரின் மேசையில் ஒன்று, எங்கள் அறிவித்தல் பலகையில் ஒன்று. பலகையில் நானே ஒட்டினேன். குண்டூசி இரண்டு தடவை விழுந்தது.

மறுநாள் பலாபத்வலவுக்குப் போனேன். என் மனதில் ஒரு காட்சி இருந்தது. நான் உண்மையைச் சொல்வேன், பாரூக் நானா கண்கலங்குவார், ரிஸ்னா திங்கட்கிழமை கண்டிக்குப் போவாள். உண்மை சொன்னவர்களுக்கு உடனே மாலை விழும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

அவர் மிளகு அளந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். வாங்க வந்தவரை அனுப்பிவிட்டு, எனக்கு ஒரு கதிரை போட்டார்.

"மிஸ் செல்ற எல்லாம் சரி. ரிஸ்னாவும் வந்து சென்னா. அந்தக் காலேஜ் அவ்வளவு செரியில்ல எண்டு எனக்கும் கொஞ்சம் வெளங்கத்தான் செஞ்ச."

"பிறகு ஏன் நானா?"

"அது கிட்ட ஈக்கி."

கடைக்குப் பின்னால்தான் வீடு. என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ரிஸ்னாவின் உம்மா கட்டிலில் இருந்தார். மூன்று வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். பாதி முகம்தான் சிரித்தது. அவரை எழுப்பி, குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமைத்துவிட்டுத்தான் அந்தப் பிள்ளை உயர்தரம் படித்து ஏ எடுத்திருந்தாள். கண்டிக்கு விடிய முன்னே பஸ் எடுக்க வேண்டும். திரும்பி வர இருட்டிவிடும். வீட்டில் வேறு பெண்கள் இல்லை.

"இதத்தான் அண்டைக்குச் செல்ல வந்த," என்றார் பாரூக் நானா. குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

இருபத்திரண்டு கேள்வி, கொழும்புக்குத் தொலைபேசி, நூலகத்துக் கண்ணாடி, பதிவுத் தபால். எல்லாம் செய்தேன். யாருக்காகக் கல்லூரி பார்க்கிறேனோ அந்தப் பிள்ளையின் வீடு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை. ஒரு கல்லூரியைத் தனியாக மதிப்பிட முடியாது பிள்ளைகளே. இன்ன பிள்ளைக்கு இன்ன கல்லூரி என்றுதான் மதிப்பிட முடியும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்தாறு வருட சேவை தேவைப்பட்டது. நீங்கள் இதை வெறும் ஒரு தேநீர் செலவில் பெறுகிறீர்கள், அதுவும் அரசாங்கத் தேநீர்.

ரிஸ்னா வாசலில் நின்றாள். அவளிடம் கேட்டேன்:

"ஒரு நாளைக்கு எத்தனை மணியிலருந்து எத்தனை மணி வரைக்கும் உங்களால வீட்ட விட்டு இருக்க ஏலும்?"

"பத்துலருந்து மூணு மட்டும் மிஸ். சனிக்கெழமை வாப்பா வீட்டுல ஈப்பாங்க. அண்டைக்கு அஞ்சு மட்டும் ஏலும்." யோசிக்காமல் சொன்னாள். யாராவது கேட்பார்கள் என்று தயாராக வைத்திருந்தது போல.

அதிலிருந்துதான் தொடங்கினோம். பட்டம் இல்லாமலே தொழில்சார் பரீட்சைக்கு நேரடியாகப் பதியலாம் என்று சொன்னேன். கல்லூரிப் பட்டியலில் அது வராது. ஏனென்றால் அதற்குக் கட்டடம் இல்லை. மாத்தளையில் சனிக்கிழமை வகுப்பு ஒன்று இருந்தது, ஒரு பாடசாலை மண்டபத்தில், ஓட்டை மின்விசிறிக்குக் கீழே. படிப்பித்தவர் மட்டும் உண்மையான கணக்காளர். பயிற்சிக்கு நகரத்தில் ஒரு கணக்காய்வாளரின் அலுவலகம். அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். "பத்துலருந்து மூணா? இது என்ன, தபால் கந்தோரா?" என்றார். ஒரு மாதம் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

"இதெல்லாம் முடிய எத்தன வருஷம் மிஸ்?" என்று ரிஸ்னா கேட்டாள்.

"அஞ்சு. ஆறும் ஆகலாம்."

அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் தாயைப் பார்த்தார். தாய் நல்ல கையைத் தூக்கி, 'போ' என்பது போல அசைத்தார்.

ஏழு வருடம் ஆனது. ஒரு பாடத்தில் மூன்று தடவை விழுந்தாள். நான்காம் வருடம் உம்மா மௌத்தாகி அடக்கமானார். அதற்குப் பிறகு ஆறு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. முகம் சுளித்த கணக்காய்வாளரே வீட்டுக்கு வந்து பாரூக் நானாவிடம் பேசித் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். இன்று அவள் கணக்காளர். கொழும்பில் இருக்கிறாள். பெருநாளுக்கு எனக்கு வட்டிலப்பம் அனுப்புவாள், நான் கேட்டுக்கொண்டதால் சீனி குறைத்து.

பெரிய சேர் அந்த ஞாயிற்றுக்கிழமை விழாவில் பேசினார். கல்வியே கண் என்ற பொருளில் முக்கால் மணி நேரம் பேசினாராம். இடமாற்றப் பட்டியல் வந்தபோது, 'சேவையின் தேவை கருதி' நான் லக்கலப் பக்கத்தில் ஓர் உப அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டேன். சேவைக்கு நான் இவ்வளவு தேவைப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பகலில் இரண்டு பஸ். யானை வந்தால் ஒன்று. மகன் என் அக்கா வீட்டில் நின்று பரீட்சை எழுதினான். எழுதியதில் குறைவில்லை, என்னோடு பேசியதில்தான் கொஞ்சம் குறைவு.

கல்லூரி அடுத்த வருடம் ஒரு பாடசாலை விடுமுறையில் மூடியது. திறக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. நீங்களும் கைதட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். ஆனால் இன்னொருத்தி இருக்கிறாள்.

லக்கலவுக்குப் போய் இரண்டாம் வருடம், ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தாள். பெயர் சந்தமாலி. பக்கத்துக் கிராமம், தகப்பன் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர். நாங்கள் போன அன்று அந்தக் கணக்கீட்டு வகுப்பில் அவளும் இருந்தாளாம். எனக்கு முகம் நினைவில் இல்லை. நான் ரிஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து, மேசையில் ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள். பொன்னிற எழுத்து. ஒரு கம்பனியில் கணக்கு எழுதுநர் வேலைக்கு விண்ணப்பித்தபோது இது செல்லாது என்று சொன்னார்களாம். அவர்கள் பிழையாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து, நல்லதென்று கையொப்பமிட்ட மிஸ் இப்போது லக்கலவிலேயே இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

"இது செல்லும் என்று நீங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும் மிஸ்," என்றாள் சிங்களத்தில்.

நான் கடிதத்தை மீளப்பெற்றதைச் சொன்னேன். அறிவித்தல் பலகையில் ஒட்டியதையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாத்தளையில் ஓர் அலுவலகச் சுவரில் நான் குத்திய தாளை லக்கலவில் இருக்கும் ஒரு பிள்ளை எப்படி வாசித்திருக்கும் என்று, சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த ஏழு பேரின் விலாசத்தையும் வாங்கி, ஆளுக்கொரு கடிதம் நான் போட்டிருக்கலாம். ஏழு முத்திரை. போடவில்லை.

ரிஸ்னாவுக்குச் சொன்ன வழிகளை அவளுக்கும் சொன்னேன். பரீட்சைக்கு நேரடியாகப் பதியலாம், உதவி தேடலாம், நானே படிவம் நிரப்பித் தருகிறேன் என்றேன். தகப்பன் அந்தப் படிப்புக்காக எருமை இரண்டையும் விற்றுவிட்டார், இனி அவரிடம் கேட்க முடியாது என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சான்றிதழை உறைக்குள் மெதுவாக, மூலை மடங்காமல் திரும்ப வைத்தாள்.

பிறகு, திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அன்று அவள் கேட்டவற்றில் அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னால் சரியான பதில் சொல்ல முடிந்தது.